பாராடாங் வீட்டின் பின்பக்கம்

தம்பி,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். காலையில் போனை எடுத்ததும் அம்மாவிடமிருந்து இவ்வளவு நீளமாக என்னவோ வந்திருக்கிறதே என்று பதறாதே. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. படுத்துப் பார்த்தேன், எழுந்தேன், அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்த்தேன், அணைத்துத்தான் இருந்தது, திரும்பப் படுத்தேன். விடிந்தால் கடையைத் திறக்க வேண்டும், கடையைத் திறந்துவிட்டால் இதைச் சொல்லும் தைரியம் போய்விடும் என்று உட்கார்ந்துவிட்டேன். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் நேற்று கூப்பிட்டேன். நீ எடுத்தவுடனேயே, "அம்மா, பாராடாங் வீட்டு போட்டோவ நித்யாகிட்ட காமிச்சேன். அதையே போன்ல வால்பேப்பரா வச்சுட்டாமா" என்று சிரித்தாய். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் கம்பெனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடப் போகிறாய். கல்யாணம் முடிந்ததும் நித்யாவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறி அந்தமானுக்கு வந்து, பாராடாங்கில் நம் வீட்டைப் பூசி வெள்ளையடித்து, சுண்ணாம்புக் குகை பார்க்க வருகிறவர்களுக்குத் தங்க விடப் போகிறாய். நான் எதற்காவது இழுத்தால், "டென்ஷன் மத் லோ மா, கவலையே வேண்டாம், வீடுதான் பக்காவா இருக்கே" என்கிறாய். தம்பி, வீடு பக்காவாக இல்லை. நீ எந்தப் படத்தை நம்பி வேலையை விடப் போகிறாயோ, அந்தப் படத்தை எடுத்தவள் சொல்கிறேன். முன்பக்கம் மட்டும்தான் நிற்கிறது. அதுவும் நான் நிற்கவைத்து எடுத்ததால் நிற்கிற மாதிரி தெரிகிறது. இதை உனக்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் நம் ஊர்க்காரர்கள் குரூப்பிலும் போடப் போகிறேன். என் படங்களைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியட்டும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உன் பிளஸ் டூவுக்காக நாம் பாராடாங்கை விட்டு போர்ட் பிளேரில் இந்த டாலிகஞ்சுக்கு வந்தோமே, அதற்குப் பிறகு நான் இந்த ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். ஜெராக்ஸ் எடுப்பதோடு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுப்பேன். பி.ஏ. படித்த படிப்புக்கு இதுவா என்று உன் மாமா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. தூங்காமல் வந்து உட்காருகிற முகத்தை, நெற்றியில் கொஞ்சம் வெளிச்சம் விழ வைத்து, தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, கம்ப்யூட்டரில் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பைத் துடைத்துக் கொடுத்தால், வாங்கிப் பார்த்துவிட்டு, "மேடம், நான் இப்டித்தான் இருக்கேனா?" என்று சந்தோஷமாகக் கேட்பார்கள். இப்படித்தான் இருக்கீங்க என்பேன். அந்தக் கைப்பழக்கம் கடையோடு நிற்கவில்லை.

காட்டில் மரம் வெட்டுகிற வேலை குறைந்தபோது பாராடாங்கில் நம் தெருவே மெல்லக் கிளம்பிவிட்டது உனக்கு நினைவிருக்கும். கொஞ்சம் பேர் போர்ட் பிளேருக்கு, மீதிப் பேர் மெயின்லேண்டுக்கு. யாரும் விற்றுவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் வாங்க ஆளில்லை. பூட்டிவிட்டு, ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான்தான் பாக்கு பறிக்கிற சமயத்தில் அங்கே போய் வருகிறவள். அதனால், "நீ போறப்ப எங்க வீட்டையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் கேட்டவர் மதுரைப் பக்கம் போய்விட்ட முத்துலட்சுமி மதினி. நான் உள்ளதை உள்ளபடி எடுத்து அனுப்பினேன். தகரம் பெயர்ந்து தொங்கியது, கூடத்தில் பப்பாளி முளைத்திருந்தது. அன்று சாயங்காலமே மதினி போன் செய்து அழுதார். அண்ணனும் அவருடைய தம்பியும், நீ போய்ப் பார்த்திருக்க வேண்டாமா, நீ போயிருக்க வேண்டாமா என்று கைகலப்பாகிவிட்டதாம். "எதுக்குடி இதையெல்லாம் எடுத்து அனுப்புன? வாசல மட்டும் எடுத்தா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வாசலை மட்டும் எடுத்தேன். மழை விட்ட காலையில் ஈரத் தகரம் பளபளக்கும்போது எடுத்தேன். சரிந்த பக்கத்தை மறைக்கிற மாதிரி பலாமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தேன். கதவு இல்லாத இடத்தில் பழைய பாயைத் தொங்கவிட்டு, வெயிலுக்காகப் போட்டது போல எடுத்தேன். ஒருநாள் தேங்காய் மட்டையைக் கொளுத்தி ஒரு வீட்டின் அடுப்படிக்குப் பின்னால் வைத்துப் புகை கிளம்புகிற மாதிரிகூட எடுத்திருக்கிறேன், சிரிக்காதே. குரூப்பில் போட்டால் இதயமும் கண்ணீருமாக வந்து விழும். "எங்க வீடு அப்படியே இருக்கே" என்று எழுதுவார்கள். பக்கத்து வீட்டு புதனி தீதி மட்டும்தான் என்னைக் கேலி செய்தாள். ராஞ்சிக்காரி, அவள் எங்கும் போகவில்லை, போவதாகவும் இல்லை. நான் போனைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் குனிந்து நிமிர்வதைப் பார்த்துவிட்டு, "போட்டோ மே மகல், அந்தர் மே சாப்" என்பாள். படத்தில் மாளிகை, உள்ளே பாம்பு என்று. "சும்மா இரு தீதி" என்பேன். அவள் பாம்பு மாதிரியே கையை வளைத்துக் காட்டிவிட்டுப் போவாள்.

உனக்கு நம் வீட்டை எடுத்து அனுப்பியதும் அதே கைதான். நீ சென்னைக்குப் போன புதிதில் சாப்பாடு பிடிக்கவில்லை, ரூமில் தண்ணீர் இல்லை என்று குரல் கம்மிப் பேசுவாய். உன்னை எதைச் சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் வீட்டுப் படம் அனுப்புவேன். அடுத்த நாள் குரல் தெளிந்திருக்கும். அப்போது அது நல்ல காரியமாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், உன்னைத் தேற்றுவதற்கு அனுப்பினேனா, நீ அங்கேயே ஒட்டிக்கொண்டுவிடக் கூடாது என்று அனுப்பினேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டும்தான் இருக்கும். உனக்கும் எனக்கும் இருபது சொச்சம் வயதுதான் வித்தியாசம். படகு ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கிறவர் உன்னிடம், "அக்காவுக்கும் சேர்த்து எடுக்கவா?" என்று கேட்டாரே. நீயும் நானும் சேர்ந்துதான் வளர்ந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு எனக்குப் பேச ஆளில்லை. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

இப்போது ஏன் திடீரென்று இந்த ஞானம் என்றால், பாராடாங்கில் நம் தெருவில் இருந்த ரோஸ்மேரி அக்காவும் சேவியர் அண்ணனும் வந்திருக்கிறார்கள். இந்த நிமிஷம் நம் ஹாலில்தான் படுத்திருக்கிறார்கள், அண்ணன் குறட்டை இங்கே கேட்கிறது. உன்னை டிங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு ஓடைக்குள்ளே போய்விட்டு வந்து, நான் கத்தின கத்தலில் மீனை அப்படியே கொடுத்துவிட்டு ஓடிப்போனாரே, அதே சேவியர் அண்ணன்தான். மகளின் நர்சிங் படிப்புக்காகத் தூத்துக்குடிக்குப் போனவர்கள். போன மாதம் அவர்கள் வீட்டைப் படம் எடுத்தபோது வாசல் ரொம்பச் செத்துப் போய்க் கிடந்தது. என்ன செய்தும் சரியாக வரவில்லை. என் பையில் மாற்றுச் சேலை ஒன்று இருந்தது, அந்தப் பச்சைக் காட்டன். அதை உதறி அவர்கள் கொடியில் போட்டேன். பார்த்தால் உள்ளே யாரோ குளித்துக்கொண்டிருக்கிற மாதிரி வீட்டுக்கு உயிர் வந்துவிட்டது. எடுத்து அனுப்பிவிட்டு, சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கடையில் ஒரு பையனுக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன், கப்பலில் இருந்து இறங்கின கோலத்தில் மூட்டையும் பையுமாக இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா! சொல்லவே இல்ல!" என்று கையைப் பிடிக்கிறேன். ரோஸ்மேரி அக்கா கையை இழுத்துக்கொண்டார். "நாளைக்கு பாராடாங் போவணும். நீயும் வா" என்றார். அவ்வளவுதான். ராத்திரி நம் வீட்டில் சாப்பிட்டார்கள், சாப்பிடுகிற நேரத்திலும் பேச்சில்லை. அப்பா, "கப்பல்ல வந்த அலுப்பா இருக்கும்" என்றார். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் நான் நடு சீட், இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அண்ணன், போலீஸ் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி. பழங்குடிகள் இருக்கிற காட்டுக்குள் நுழைகிற செக்போஸ்ட்டில் வழக்கம் போல, "மொபைல் அந்தர் ரக்கோ, போட்டோ நஹி" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆமா, ஒனக்குத்தான் சொல்லுதாவ, உள்ள வையி" என்றார். போனைப் பைக்குள் வைத்தேன். காட்டு வழி முழுக்க என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். படகில் கடக்கும்போதும் அவர்கள் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் போனதும் அக்கா நடையை எட்டிப் போட்டார். வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து, "ஏளா! யாருளா உள்ள? வெளிய வா!" என்று ஒரு சத்தம். காக்கா பறந்தது. என் பக்கம் திரும்பி, "எங்க அவ?" என்றார்.

"எவக்கா?"

"சேல காயப்போட்டவ. எங்க வீட்டுக் கொடியில பச்சைச் சேல காயப்போட்டு குடித்தனம் நடத்துதாளே, அவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூத்துக்குடியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். எவளோ வீட்டில் புகுந்துவிட்டாள் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். என்னிடம் கேட்கவில்லை. ஏனென்றால் நான்தான் ஆள் பிடித்துக் குடிவைத்து வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அண்ணனுக்குச் சந்தேகம். புகுந்தவளைக் கையும் களவுமாகப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்றுதான் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறியிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், சத்தம் கேட்டு புதனி தீதி வந்துவிட்டாள். விஷயத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, "வோ சாடி? வோ தோ இஸ்கா ஹை!" என்று, அந்தச் சேலை இவளுடையதுதான் என்று, என்னைக் கைகாட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒன் சேலையா?" என்றார் அக்கா. "எங்க வீட்டுக் கொடியில ஒன் சேலைய எதுக்குட்டி காயப்போட்ட?"

"போட்டோக்குக்கா."

"போட்டோக்கா?"

"வாசல் வெறிச்சுனு இருந்துச்சு. நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

அண்ணன் போய்க் கதவைத் தள்ளினார். மெதுவாகத்தான் தள்ளினார். கதவு நிலையோடு பெயர்ந்து உள்ளே விழுந்து, மரம் மாதிரி இல்லாமல் மண் மாதிரி உதிர்ந்தது. முழுக்கக் கரையான். உள்ளே எட்டிப் பார்த்தால் மேலே வானம் தெரிந்தது. கூடத்தில் மாதா படம் வைக்கிற பலகை இருந்த இடத்தில் கொடி ஏறிப் போயிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அண்ணன் திரும்பி, "ஏ ரோசு, சண்ட போடலாம்னு வந்தோம். ஆளே இல்லியே" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த மீன் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அக்கா கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபமே இல்லாத குரலில், "எவளாவது நெசமாவே இருந்திருக்கக் கூடாதா? காலைல எந்திச்சிக் கூட்டியிருப்பா. அடுப்புல தீ போட்டிருப்பா. பொகை பட்டா கரையான் ஏறாதுல்லா" என்றார். "தொரத்த வந்தேன். இப்ப அவ இருந்தாத் தேவலன்னு இருக்கு. ஏன்ட்டி, சேலைய வச்சதுக்கு ஒரு ஆளயே வச்சிருக்கக் கூடாதா நீ?"

தம்பி, இவ்வளவு நாளாக ஆள் இருக்கிற மாதிரி காட்டுவதற்கு அவ்வளவு பாடுபட்டேனே, ஆளை இருக்கவைக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை. பூட்டினால்தான் நம் வீடு, வேறு ஆள் அடுப்பு வைத்தால் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர்கள் இருவரையும் புதனி தீதி டீ குடிக்கக் கூட்டிப் போனாள். நான் நம் வீட்டுக்குப் போனேன். எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்காமல் பின்பக்கம் போனேன். பாக்கு எடுக்கப் போகிறபோதெல்லாம் பின்பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வருவது எனக்கே தெரியாமல் பழகியிருந்தது. அடுப்படிக் கூரை சரிந்து தரையில் சாய்ந்திருக்கிறது. அதன் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. குளியலறைச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து ஒரு பாக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீ படுக்கிற அறையில் கட்டில் கிடந்த இடத்தில் கரையான் புற்று என் இடுப்பு உயரத்துக்கு எழும்பியிருக்கிறது. பலகைத் தரையில் ஒரு அடி வைத்தேன், கால் உள்ளே போய்விட்டது. முழங்காலில் சிராய்ப்புதான், ஊசி போட்டுக்கொண்டேன், அதற்காகப் போன் செய்யாதே. நித்யா போனில் இருக்கிற படத்தில் ஜன்னல் அழகாகத் திறந்திருக்கிறதே, அதற்கு உள்ளே ஒரு கம்பை முட்டுக் கொடுத்திருக்கிறேன். கம்பை எடுத்தால் ஜன்னலும் சேர்ந்து வந்துவிடும். இதையெல்லாம் எடுத்தேன். வெளிச்சம் பார்க்கவில்லை, மரத்துக்குப் பின்னால் நிற்கவில்லை. இரண்டு மூன்று படம் கலங்கியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பாவைத் தெரியுமே. "அவனே வரேங்குறான். வரட்டுமே. வந்து பாத்து ரிப்பேர் பண்ணிக்கிட்டுப் போறான். நீ ஏன் கெடுக்குற?" என்றார். எனக்கும் கெடுக்க ஆசையா? நீ தினமும் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் போதும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. நீ ராஜினாமா என்ற வார்த்தையைச் சொன்ன அன்று, நித்யாவுக்கு எந்த அறை என்று மனதுக்குள் ஒதுக்கிக்கூட விட்டேன், எந்த அறையிலும் தரை இல்லை என்று தெரிந்துகொண்டே. அப்பாவிடம் நான் ஜீப்பை நினைவுபடுத்தினேன். மனுஷர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

ஜீப் கதை உனக்குச் சொன்னதில்லை. எனக்குப் பரமக்குடியில் மாப்பிள்ளை பார்த்தபோது அந்தமானில் இருந்து ஒரு போட்டோ வந்தது. அப்பா ஒரு ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார். எங்கள் தெருவே பார்த்தது. ஜீப் வைத்திருக்கிற மாப்பிள்ளை என்று பேச்சாகிவிட்டது. அவர்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து கப்பலில் வருகிறோம். எனக்கு வாந்தி, தலைசுற்றல், சுற்றிலும் தண்ணீர். ஆறுதலாக ஏதாவது பேசுவோமே என்று, "இறங்குனதும் நம்ம ஜீப்புலயா போவோம்?" என்று கேட்டேன். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டே, "அது கான்ட்ராக்டரோடது" என்றார். இன்று சொல்லிச் சிரிக்கிறேன். அன்று இருபது வயதுப் பெண்ணுக்கு அது சிரிப்பு இல்லை. ஜீப் இல்லை என்பது பெரிதாகத் தெரியவில்லை. இன்னும் என்னென்ன இல்லையோ, இறங்கினால் வீடாவது இருக்குமா என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு இருந்தது, மனுஷரும் நல்லவராக இருந்தார், பிழைத்தேன். ஆனால் அந்தக் கப்பலில் இருந்த மாதிரி நித்யா உட்காரக் கூடாது. அவள் வால்பேப்பரில் இருப்பது என்னுடைய ஜீப், தம்பி. நான்தான் சாய்த்து நிறுத்தினேன்.

அவளிடம் நீ மறைக்கிற ஆள் இல்லை என்று தெரியும். ஆனால் நீ மறைக்காமலேயே உன் கையால் ஒரு பொய் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் இந்தப் படங்களை நீ மட்டும் பார்த்துவிட்டு, சரி பண்ணிவிடலாம் என்று உனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டு விட்டுவிடாதே. இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள். அவள் முகம் வாடினால் வாடட்டும், உடனே பேச்சை மாற்றாதே. அவள் என்ன கேட்கிறாளோ அதற்கு மட்டும் பதில் சொல். அவசரப்பட்டுச் சமாதானம் சொல்கிற புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்தது. அதை நீயாவது கொஞ்சம் அடக்கு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குகை பார்க்க வருகிறவர்கள், காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்து விடுகிற காலைக் கான்வாயில் வந்து மத்தியானக் கான்வாயில் போய்விடுகிறார்கள். ராத்திரி தங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. இதையும் நான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன், நீ கேட்கவில்லை என்ற சாக்கில்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். புதனி தீதியின் மகள் சுமனுக்கும் அவள் புருஷனுக்கும் தனி வீடு இல்லை. தீதியின் ஒரே கூரைக்குக் கீழே அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு கிடக்கிறார்கள். அன்று நானும் திரும்பிப் போய் டீ குடிக்கும்போது தீதியே கேட்டாள், சிரிக்காமல் கேட்டாள். நம் வீட்டில் சுமனை இருக்க விட்டால், பின்பக்கத்தை அவர்களே பிரித்துக் கட்டிக்கொள்கிறார்களாம். வாடகைப் பேச்சு வேண்டாம், வீடு நிற்கும், நாம் போகும்போது நமக்கும் ஒரு மூலை. ரோஸ்மேரி அக்கா அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கு யாரும் இதக் கேக்கலியே" என்று மட்டும் சொன்னார். நான் அங்கேயே சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வீட்டை உனக்கு என்று சொல்லி வைத்திருக்கிறோம். "அவனக் கேக்காம ஆள் வைக்காத" என்று அப்பாவும் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். எனக்கு என்ன பயம் என்றால், சுமன் வந்துவிட்டால் நீ வருவதற்கு இருக்கிற ஒரு காரணமும் போய்விடும். சுமன் வராவிட்டால் இந்த மழைக்கு அந்த முன்பக்கமும் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் புரண்டுகொண்டிருக்கிறேன்.

குரூப்பில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீடுகளின் பின்பக்கத்தையும் இனிமேல் எடுப்பேன். யாருக்கு வேண்டுமோ எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், அனுப்புகிறேன். வேண்டாம் என்கிறவர்களுக்கு அனுப்பமாட்டேன், அவர்களைக் குறையும் சொல்லமாட்டேன். சேலை மட்டும் இனிமேல் காயப்போடமாட்டேன். அக்கம்பக்கத்தில் வீடில்லாமல் யாராவது இருந்தால், சாவி கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். திட்டுகிறவர்கள் என் நம்பருக்கே கூப்பிட்டுத் திட்டலாம், கடை சாத்திய பிறகு.

தம்பி, படங்களை இதற்குக் கீழே வரிசையாக அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்த பிறகும் வரத்தான் போகிறாய் என்றால், லீவு போட்டுவிட்டு முதலில் நீ மட்டும் வா, மழையில் வா, பின்பக்கமாக வா. நீயும் நானும் சேர்ந்து பார்த்துவிட்டு அப்புறம் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். வரவில்லை என்றால் அதையும் சுற்றி வளைக்காமல் சொல், நான் தாங்கிக்கொள்வேன், சுமனிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். மழை ஆரம்பிப்பதற்குள் அவளுக்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். கம்பெனியில் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு எழுது. சீக்கிரம் பதில் போடு.

அம்மா